மழைநீரில் சிக்கிய கார்: இன்ஜினும் இன்சூரன்ஸும் – சந்தேகங்களும் விளக்கங்களும்

விருதுநகர்: வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ரயில்வே சுரங்கப்பாதைகளிலும் ஓடைத் தரைப்பாலங்களிலும் கார்கள் தண்ணீரில் நின்றுபோவது வழக்கமாகிவிட்டது. சிவகாசிக்குப் பட்டாசு வாங்க வெளியூர் கார்கள் வந்து குவியும் தீபாவளிப் பருவமும் இதே சமயத்தில்தான் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அண்டை மாவட்டமான தூத்துக்குடியின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது தென்மாவட்டங்களில் ஏராளமான வாகனங்கள் மூழ்கின. அதன் பிறகும் பழுது, இழப்பீடு தொடர்பான குழப்பங்கள் தீரவில்லை.

எவ்வளவு தண்ணீர் வரை காரை ஓட்டலாம்?

சக்கரத்தின் நடுப்பகுதியைத் தண்ணீர் தொட்டுவிட்டால் சாதாரணக் கார்களை அதற்கு மேல் கொண்டுசெல்வது ஆபத்து. தேங்கிய நீரின் மட்டத்தை மட்டும் பார்ப்பது போதாது. எதிரே வரும் பஸ்ஸோ லாரியோ கிளப்பும் அலை பம்பருக்கு மேல் ஏறி, காற்று உறிஞ்சும் குழாய்க்குள் புகுந்துவிடும். சுரங்கப்பாதையில் கார் நின்று நீர்மட்டமும் உயர்ந்துகொண்டிருந்தால், காரை விட்டு உடனே வெளியேறுவதுதான் முறை.

தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி 'செல்ஃப்' அடித்துப் பார்க்கலாமா?

கூடாது, பெரிய செலவு பெரும்பாலும் அந்த ஒரு முயற்சியில்தான் தொடங்குகிறது. சிலிண்டருக்குள் காற்று இருந்தால் பிஸ்டன் அதை அழுத்திச் சுருக்கும், ஆனால் தண்ணீர் சுருங்காது. அதனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைகிறது அல்லது உடைகிறது. 'ஹைட்ரோ லாக்' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

டீசல் காருக்குப் பாதிப்பு அதிகம் என்பது உண்மையா?

உண்மை. பெட்ரோல் இன்ஜின் காற்றைச் சுமார் பத்து மடங்கு சுருக்குகிறது என்றால், டீசல் இன்ஜின் ஏறக்குறைய 16 மடங்கு சுருக்குகிறது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது டீசல் இன்ஜினில் மிஞ்சும் இடம் மிகக் குறைவு என்பதால், கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலே போதும்.

வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த கார் சீட் வரை மூழ்கிவிட்டது. இன்ஜின் போய்விட்டதா?

இன்ஜின் ஓடாமல் இருந்திருந்தால் ராட் வளைய வாய்ப்பில்லை. வயரிங், கம்ப்யூட்டர் யூனிட், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவைதான் முதலில் கெடும். ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் ஓரளவு விவரம் தெரியும். ஆயில் பால் கலந்த டீ போல் வெளிறியிருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது. நிறம் மாறவில்லை என்பதற்காக இன்ஜினை இயக்கிப் பார்க்கவும் கூடாது.

ஒர்க்‌ஷாப்பில் என்ன செய்வார்கள்? எத்தனை நாளுக்குள் கொண்டுசெல்ல வேண்டும்?

பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு, பெட்ரோல் காரில் ஸ்பார்க் பிளக்குகளையும் டீசல் காரில் இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக்குகளையும் கழற்றுவார்கள். பிறகு இன்ஜினைக் கையால் சுழற்றி உள்ளே உள்ள தண்ணீரை வெளியேற்றுவார்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மாற்றப்படும்; கியர் பாக்ஸ் ஆயிலும் பரிசோதிக்கப்படும். சிலிண்டர் சுவரில் துரு பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால் ஓரிரு நாளுக்குள் வேலையைத் தொடங்குவது நல்லது.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? கயிறு கட்டி இழுக்கலாமா?

தள்ளி ஸ்டார்ட் செய்வதும் செல்ஃப் அடிப்பதும் விளைவில் ஒன்றே. கியரை நியூட்ரலில் வைத்துக் கரைக்குத் தள்ளுவது வரை சரி. ஆட்டோமேட்டிக் கார்களை முன்சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர் பாக்ஸ் கெடக்கூடும் என்பதால், முழுக் காரையும் மேலே ஏற்றிச் செல்லும் வண்டியே ஏற்றது.

காய்ந்த பிறகு கார் நன்றாகவே ஓடுகிறது. இனிப் பயமில்லையா?

சிறிதளவு வளைந்த ராடுடன் இன்ஜின் சில வாரங்கள்கூட ஓடும். நடுக்கம், ஆயில் குறைதல், இழுவை குறைதல் எனத் தொடங்கி, ஒரு கட்டத்தில் ராட் முறிந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துவிடலாம். கம்ப்ரஷன் அளவைச் சோதித்தால் ஒவ்வொரு சிலிண்டரின் நிலையும் தெரிந்துவிடும்.

டிக்கியில் இருந்த பட்டாசுப் பெட்டிகள் நனைந்துவிட்டன. என்ன செய்வது?

பேட்டரி வயரைக் கழற்றும்போது தீப்பொறி பறக்கக்கூடும் என்பதால், அதற்கு முன்பே பெட்டிகளைக் காரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பட்டாசு மருந்தில் உள்ள அலுமினியத் தூள் ஈரம் பட்டால் சூடேறும் தன்மை கொண்டது. சிவகாசித் தொழிலாளர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெயிலில் காயவைத்து வெடிக்கும் யோசனையைக் கைவிடுவதே நல்லது. காரில் வைத்திருந்த சரக்குக்குக் கார் பாலிசியில் இழப்பீடு கிடையாது.

கார் வாங்கும்போது மூன்று ஆண்டு இன்சூரன்ஸ் எடுத்தோம். அது போதாதா?

பலர் ஏமாறும் இடம் இது. 2018 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டு கட்டாயம் என்பது 'தேர்ட் பார்ட்டி' காப்பீடு மட்டுமே. அது பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்வது. சொந்தக் காரின் சேதத்துக்கான பகுதி பொதுவாக ஓராண்டுக்குத்தான் இருக்கும். அதைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

'ஃபுல் இன்சூரன்ஸ்' இருந்தால் இன்ஜின் பழுதுக்குப் பணம் வருமா?

வெள்ளம், புயலால் நேரும் நேரடிச் சேதம் இதில் அடங்கும். சுத்தம் செய்தல், மின்சாதன மாற்றம் போன்றவை அதில் வரும். ஆனால் தண்ணீர் புகுந்த பிறகு இயக்கியதால் இன்ஜின் உடைந்தால், அதைப் 'பின்விளைவு இழப்பு' என்று கூறி நிறுவனங்கள் மறுக்கின்றன. இதற்கென உள்ளது 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பு. பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ சேர்ப்பது வழக்கம். 'பம்பர் டு பம்பர்' எனப்படும் ஜீரோ டெப்ரிசியேஷன் இதற்கு ஈடாகாது.

எவ்வளவு பிடித்தம் செய்வார்கள்?

ஜீரோ டெப்ரிசியேஷன் இல்லாத பாலிசியில், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் 50 சதவீதம் கழிக்கப்படும். உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிவு மாறும். 3 ஆண்டு முடிந்து 4 ஆண்டு நிறையாத காருக்கு உலோகப் பாகக் கழிவு 25 சதவீதம். உதாரணமாக உலோகப் பாகங்கள் ரூ.40,000, பிளாஸ்டிக் பாகங்கள் ரூ.8,000 என்றால், கழிவு ரூ.14,000. 1500 சி.சி. வரையிலான காருக்கு உரிமையாளர் கட்டாயம் ஏற்க வேண்டிய ரூ.1,000-ஐயும் கழித்தால் ரூ.33,000 கிடைக்கும்.

யாரிடம், எப்போது தெரிவிக்க வேண்டும்?

காரை நகர்த்தும் முன் நீர்மட்டம் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 ஜூன் சுற்றறிக்கைப்படி, 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். அவரது அறிக்கைக்கு 15 நாளும், அது கிடைத்த பின் நிறுவனத்தின் முடிவுக்கு 7 நாளும் அவகாசம். பழுதுச் செலவு, பாலிசியில் குறித்த கார் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதப்படும்.

மறுத்துவிட்டால் எங்கே முறையிடுவது?

முதலில் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். கட்டணம் இல்லை, ரூ.50 லட்சம் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஆணையத்தின் இலவச உதவி எண்: 155255.

சிறிய செலவுக்கும் கிளெய்ம் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் 20 முதல் 50 சதவீதம் வரையிலான பிரீமியத் தள்ளுபடி அடுத்த புதுப்பித்தலில் பொதுவாகப் போய்விடும். ஆயில், ஃபில்டர் மாற்றத்தோடு முடியும் வேலையைக் கைக்காசில் பார்த்துக்கொள்வது பல நேரங்களில் லாபம்.