போன்னும் சொல்லல, திரும்பிப் போன்னும் சொல்லல: பத்து மசோதாக்களின் கதை

நான் எளாவூர்க்காரன். எங்க ஊரைப் பல பேருக்கு ஆந்திரா போற வழியில இருக்கிற செக்போஸ்ட்டாத்தான் தெரியும். கிழக்கே போனா பழவேற்காடு ஏரி, மீனவர் கிராமங்கள். 2025 நவம்பர் கடைசியில ஊருக்குப் போனப்ப, பொன்னேரி மீன்வளக் கல்லூரியில படிக்கிற என் சித்தி பொண்ணு கேட்டா: "அண்ணா, எங்க யுனிவர்சிட்டிக்குத் துணைவேந்தரைப் போடப்போறது கவர்னரா, கவர்மென்ட்டா? ஏப்ரல்ல கோர்ட் ஒண்ணு சொல்லுச்சு, இப்ப வேற சொல்லுதே?"

ஒரு மசோதா சட்டமாக, சட்டமன்றத்தில் நிறைவேறினால் மட்டும் போதாது. ஆளுநர் ஒப்புதல் வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 200-வது பிரிவுப்படி அவர் ஒப்புதல் தரலாம், காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம், இல்லைன்னா குடியரசுத் தலைவரின் முடிவுக்கு அனுப்பலாம். திருப்பி அனுப்பினதை சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றினா, ஒப்புதலை மறுக்க முடியாது. ஆனா எத்தனை நாளைக்குள்ள? அதுக்கு ஒரு எண் அங்க இல்ல.

பேப்பர் எல்லாம் சரியா இருக்கிற ஒரு இறால் வண்டியை செக்போஸ்ட்ல நிறுத்திட்டாங்கன்னு வெச்சுக்கோங்க. திரும்பிப் போன்னு சொன்னாக்கூட வேற மார்க்கெட் பார்க்கலாம். ஒண்ணுமே சொல்லாம ஐஸ் உருகுற வரைக்கும் நிக்க வெச்சா? மறுக்காமலே மறுத்தாச்சு.

2020 ஜனவரியிலிருந்து 2023 ஏப்ரல் வரை ஆளுநருக்குப் போன 12 மசோதாக்களின் கதை இதுதான். பெரும்பாலானவை பல்கலைக்கழகங்கள் பற்றியவை. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை வேந்தரான ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்றுவதுதான் பலவற்றின் நோக்கம். அதாவது, தன் அதிகாரத்தைக் குறைக்கிற மசோதாவில் அவரே கையெழுத்துப் போடணும்! மீன்வளப் பல்கலைக்கழகத் திருத்தங்களும் இதில் உண்டு. அதில் ஒண்ணு 2020-ல், அதிமுக ஆட்சியில் நிறைவேறினது. அதனால இதை வெறும் திமுக-ஆளுநர் சண்டையா மட்டும் பார்க்காதீங்க.

அரசு உச்ச நீதிமன்றம் போன பிறகு, 2023 நவம்பர் 13 அன்று ஆளுநர் ஆர்.என். ரவி பத்து மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைத்தார். 18-ம் தேதி சட்டமன்றம் சிறப்பாகக் கூடி பத்தையும் மறுபடி நிறைவேற்றியது. 28-ம் தேதி பத்தும் குடியரசுத் தலைவருக்குப் போயின. அங்கே ஒண்ணுக்கு ஒப்புதல், ஏழு நிராகரிப்பு, ரெண்டு அப்படியே நின்னது.

2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இதைச் சட்டவிரோதம் என்றது. பத்தும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றது. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு வைத்தது. கையெழுத்தே இல்லாமல் பத்தும் அரசிதழில் வந்தன.

மே 13 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, 143-வது பிரிவின் கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20 அன்று தலைமை நீதிபதி கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் பதில் சொன்னார்கள்: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் தந்ததாகக் கருதவும் முடியாது. ஆனால் காரணமில்லாமல் ரொம்ப காலம் இழுத்தால், 'ஏதாவது ஒரு முடிவெடுங்க' என்று சொல்லலாம். என்ன முடிவுன்னு சொல்ல முடியாது.

கையெழுத்து வேலையை நீதிபதிகளே செய்வது எனக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனா 'ரொம்ப காலம்'னா எவ்வளவு? ஒவ்வொரு மசோதாவுக்கும் அரசு கோர்ட் படியேறி, தாமதத்தை நிரூபிக்கணும். சட்டமன்றத்தின் ஆயுளே அஞ்சு வருஷம்தான். காத்திருக்கிறதால நஷ்டம் ஓட்டு வாங்கி வந்தவங்களுக்குத்தான், நியமனத்தில் வந்தவருக்கு இல்ல.

தங்கச்சி கேள்விக்கு வருவோம். அரசிதழில் சட்டம் வந்தாச்சு. ஆனா 2025 மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலிருந்தே அந்த நாற்காலி காலியா இருந்தது. இதையெல்லாம் சொல்லி முடிச்சதும் அவ கேட்டது ஒண்ணுதான்: "அப்ப என் பட்டத்துல யாருண்ணா கையெழுத்து போடுவாங்க?"