புயல் போன பிறகு வரும் ஆறு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்று தணிந்ததும் கடலோரத்தில் பலரும் ஆபத்து நீங்கியது என்றே நினைத்தார்கள். ஆனால் வலுவிழந்த புயல் மேற்கே நகர்ந்து, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. அந்த மழைநீர் வந்து சேர்ந்த சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்குச் சுமார் 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணை ஆற்றில் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றோர ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தபோது, புயல் கடந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

அணை ஏன் தாங்கிக்கொள்ளவில்லை? சாத்தனூரின் மொத்தக் கொள்ளளவே சுமார் 7.3 டி.எம்.சி.தான். விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வீதம் நீர் வந்தால், காலியான அணையும் சுமார் 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும். வடகிழக்குப் பருவமழையின் நடுவே அணை காலியாக இருப்பதும் இல்லை. வருவதை அப்படியே வெளியே விடுவதைத் தவிர அப்போது வழி கிடையாது.

அந்த நீர் கடலூரில் தாழங்குடா அருகே கடலில் சேர வேண்டும். புயல் காற்று கடலைக் கரைமேல் தள்ளும்போது முகத்துவாரத்தில் கடல்மட்டம் உயர்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதமும் கூடுதல். கடல் உயர்ந்தால் ஆற்று நீர் வேகமாக வடியாது, பின்னால் தேங்கிப் பக்கவாட்டில் ஊருக்குள் பரவும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். மழைக்காலத்துக்கு முன்பே அதை அகற்றுவது, நிவாரணப் பொட்டலம் கொடுப்பதைவிடப் பெரிய உதவி என்பேன்.

காற்றின் கணக்கு வேறு. வேகம் இரண்டு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கி.மீ. காற்றைத் தாங்கிய கூரை 120 கி.மீ. காற்றையும் தாங்கும் என்று நம்ப முடியாது. காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே இழுப்பதே அதிகம். அந்த இழுப்பு ஓரங்களிலும் மூலைகளிலும்தான் உச்சத்தில் இருக்கும். தகரக் கூரை போட்டவர்கள் ஐப்பசி பிறக்கும் முன் ஏணி வைத்து ஏறி, ஓர வரிசை ஜே போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். வாஷர் துருப்பிடித்துத் துளை அகன்றிருந்தால், தகடு முதலில் கழலும் இடம் அதுதான். ஒரு தகடு போனால் காற்று உள்ளே புகுந்து மற்றவற்றையும் அடியிலிருந்து தூக்கும்.

2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்தில் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. பலா மீண்டும் முழுப் பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். அந்த இழப்பை ஒரு பருவத்தின் நஷ்ட ஈட்டால் அளக்கவே முடியாது. மழையில் ஊறிய மண்ணில் வேரின் பிடி தளர்கிறது. அடர்ந்த தலையுள்ள மரம் காற்றை முழுதாக வாங்கிச் சாய்கிறது. முன்கூட்டியே கிளை கழித்துத் தலையை இலேசாக்குவதும், தென்னையில் முற்றிய காய்களை இறக்கிவிடுவதும் உதவும்.

புயலின் கண் ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். வெளியே வராதீர்கள். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். ஓடும் வெள்ளத்திலும் இறங்கக் கூடாது: முழங்கால் அளவு நீரே ஆளைச் சாய்த்துவிடும், இரண்டடி நீர் காரை மிதக்கவைக்கும்.

கடற்கரைக்காரர்கள் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று தவறாமல் விசாரிக்கிறார்கள். அதோடு மேற்கே எவ்வளவு மழை, அணையில் எவ்வளவு திறப்பு என்றும் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐ அழைத்துக் கேட்க வேண்டும். அதிகாரிகளும் கன அடிக் கணக்கோடு நிறுத்தக் கூடாது. எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு நீர் வரும், எந்தத் தெரு வரை ஏறும் என்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். 2024-இல் நீர் ஏறிய உயரத்தை மின்கம்பங்களிலும் பள்ளிச் சுவர்களிலும் பெயின்டால் கோடிட்டு வைத்தால், அந்த அறிவிப்பு எல்லோருக்கும் புரியும்.