சர்க்கரை நோய் ஊசிக்கும் பாலைவனப் பல்லிக்கும் என்ன சம்பந்தம்? ஜிஎல்பி-1 வேலை செய்வது எப்படி?

ஒருவருக்கு குளுக்கோஸை குடிக்கக் கொடுக்கிறார்கள். இன்னொரு நாள் அவருக்கே டிரிப்ஸ் வழியாக ஏற்றுகிறார்கள். இரண்டு முறையும் ரத்தத்தில் சர்க்கரை ஒரே அளவுதான். ஆனால் குடித்த அன்றுதான் இன்சுலின் அதிகமாக சுரக்கிறது. ஏன்?

காரணம் குடல். சாப்பாடு உள்ளே வந்ததும் குடலில் உள்ள சில செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை வெளியிடும். இது பெப்டைடு வகை, அதாவது அமினோ அமிலங்கள் கோர்த்த குட்டிச் சங்கிலி. இன்சுலினை உருவாக்கும் கணையத்தின் பீட்டா செல்களில் இது போய் ஒட்டிக்கொண்டு, 'சர்க்கரை வருது, ரெடியா இரு' என்று உசுப்பிவிடும்.

இதில் பெரிய ப்ளஸ், ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால்தான் இந்தத் தூண்டுதல் நடக்கும். இறங்கினால் ஓய்ந்துவிடும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் அப்படி இல்லை. சர்க்கரை குறைந்த பிறகும் இன்சுலினை சுரக்க வைப்பதால், வேளைக்கு சாப்பிடாவிட்டால் 'லோ சுகர்' ஆகிவிடலாம்.

அப்படியானால் ஜிஎல்பி-1ஐயே மருந்தாகக் கொடுக்கலாமே? அங்கேதான் சிக்கல். டிபிபி-4 என்ற நொதி அதை சுமார் 2 நிமிடத்தில் சிதைத்துவிடும்.

இந்த இடத்தில்தான் பல்லி வருகிறது. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கைச் சேர்ந்த டாக்டர் ஜான் எங், அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஹீலா மான்ஸ்டர் பல்லியின் விஷத்தில் எக்ஸென்டின்-4 என்ற பெப்டைடைக் கண்டுபிடித்தார். வேலை ஜிஎல்பி-1 போலத்தான், ஆனால் அவ்வளவு சீக்கிரம் சிதையாது. அதன் செயற்கை வடிவமான எக்ஸனடைடு ஊசிக்கு 2005ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அது தினமும் இரண்டு வேளை. இன்று பேசப்படும் செமாக்ளுடைடு ஊசி வாரம் ஒன்று போதும். அது மனித ஜிஎல்பி-1ஐயே மாற்றி அமைத்தது, பல்லியிலிருந்து வந்தது அல்ல.

இன்னொரு வழி, சிதைக்கும் நொதியையே தடுப்பது. உங்கள் வீட்டு மாத்திரை அட்டையில் பெயர் 'கிளிப்டின்' என்று முடிகிறதா? சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் எல்லாம் இந்த ரகம்தான்.

எடை குறையுதாமே என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஊசியை வாங்கிப் போடுவது வேண்டாம். குமட்டல், வாந்தி சகஜம். ஏற்கெனவே கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு லோ சுகர் அபாயமும் கூடும், அந்த மருந்தின் அளவை டாக்டர்தான் குறைக்க வேண்டும். டைப்-1 நோயாளிகளுக்கு பீட்டா செல்களே பெரும்பாலும் அழிந்திருக்கும், உசுப்புவதற்கு அங்கே ஆள் இல்லை. அவர்கள் இன்சுலினை நிறுத்தவே கூடாது.