ஓதம் ஏறிய சுவர்கள்

1853 கோடையில் கோபன்ஹேகன் நகரில் காலராவுக்குச் சுமார் 4,700 பேர் பலியானார்கள். கோட்டை மதிலுக்குள் நெருக்கியடித்த ஊர் அது. ஏழைகள் நிலவறைகளிலும் வெயில் எட்டாத பின்கட்டுகளிலும் முடங்கிக் கிடந்தார்கள். நாற்றமடிக்கும் காற்றுதான் நோயைத் தருகிறது என்று அன்றைய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். காரணம் தப்பு, ஆனால் அதை நம்பிக் கட்டிய வீடுகள் அருமையானவை. மருத்துவர் சங்கம் மதிலுக்கு வெளியே, கட்டடக் கலைஞர் பிண்டெஸ்பெல் வரைந்தபடி, தாழ்ந்த வரிசை வீடுகளை எழுப்பியது. வரிசைகளுக்கு நடுவே அகலமான வெளி, தாராளமாக வெயில், காற்று. ப்ரும்லெபி என்ற அந்தக் குடியிருப்பில் இன்றும் மக்கள் வசிக்கிறார்கள்.

அந்தக் காற்றை அடைத்தது 1973 எண்ணெய் நெருக்கடி. அப்போது டென்மார்க்கின் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எண்ணெய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது. வீட்டுச் சூட்டைக் காக்கச் சுவருக்குள் பஞ்சு திணித்தார்கள், ஜன்னல் இடுக்குகளை அடைத்தார்கள். பழைய வீடு மூச்சுவிட்டதே அந்த இடுக்குகள் வழியாகத்தான்! நான்கு பேர் உள்ள குடும்பம் சமைத்து, குளித்து, துணி உலர்த்தி, சும்மா மூச்சுவிட்டே நாளொன்றுக்குப் பத்து லிட்டர் அளவுக்குத் தண்ணீரைக் காற்றில் கலக்கிறது. வெளியேற வழியில்லாத ஈரம் குளிர்ந்த வெளிச்சுவரில், பீரோவுக்குப் பின்னால் படியும். அங்கே பூஞ்சணம் பிடிக்கும். 1980களில் ஆர்ஹூஸ் மருத்துவர் கோர்ஸ்கார்ட் ஆஸ்துமாக்காரர்களின் வீடுகளை ஆராய்ந்தார். ஈரமான வீடுகளில் ஆஸ்துமாவைத் தூண்டும் தூசு உண்ணிகள் பெருகுவதைக் காட்டினார்.

அதே ஆண்டுகளில்தான் இலங்கையிலிருந்து அகதிகளாக நம்மவர்கள் டென்மார்க்கின் யூட்லாந்து ஊர்களுக்கு வந்து சேர்ந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் சூடு போய்விடும். மூடினால் புட்டு அவித்த ஆவி கண்ணாடியில் வழியும்.

இன்று புதிய வீடுகளில் வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றிவிடும் இயந்திரம் ஓடுகிறது. அதற்காகப் பூஞ்சணம் விடைபெற்றுவிடவில்லை. கடையிலிருந்து வந்த புத்தம்புது ஜிப்சம் பலகைகளுக்குள்ளேயே அது ஒளிந்திருப்பதை டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்து 2017இல் வெளியிட்டார்கள். பலகை நனைந்தால் போதும், முளைத்துவிடும்.

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லையும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்னது. இவ்வளவு பூஞ்சணம் வரை பரவாயில்லை என்று எந்த அளவையும் அது வகுக்கவில்லை. ஆகவே வாடகை வீட்டில் வழக்கு எளிதில் தீராது. தினமும் இரண்டு மூன்று முறை எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள் என்பது டென்மார்க்கில் எல்லோரும் சொல்லும் அறிவுரை. நல்லதுதான். ஆனால் வெளிச்சுவரே சில்லிட்டுக் கிடக்கும் வீட்டில், குழந்தை இருமும்போது அதைச் சொல்வது செலவை வீட்டுக்காரரிடமிருந்து குடியிருப்பவர் தலையில் இறக்கிவைக்கும் வேலை. உடல்நலத்துக்குக் கேடான வீட்டில் குடியிருக்கத் தடை போட நகராட்சிக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. தடை விழுந்தால் குடியிருப்பவர்தான் மூட்டை கட்ட வேண்டும்.