கருவியும் ஓர் அமானிதமே

புதிய கருவியைக் கண்டதும் வெறுத்தொதுக்குவோரும், கண்மூடி ஏற்போரும் நம்மிடையே உளர். இரண்டும் நெறியன்று.

கென்யா நாட்டைச் சற்று நோக்குங்கள். அங்கு 2007-ஆம் ஆண்டில் 'எம்-பெசா' எனும் பணமனுப்பும் முறை தோன்றிற்று. வங்கிக் கணக்கில்லாத தொழிலாளியும் சாதாரணக் கைபேசி வாயிலாக ஊரிலுள்ள தாய்க்குப் பணம் அனுப்ப வழி பிறந்தது. அவள் அருகிலுள்ள முகவர் கடையில் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டாள். எத்துணை பெரிய உதவி!

ஆனால், பின்னர் அதே கைபேசியில் வட்டிக் கடனும் புகுந்தது. தவணை தவறியோரின் உற்றார் உறவினரை அழைத்து, அவர்தம் மானத்தைக் குலைத்தனர் கடன் கொடுத்தோர் சிலர். 2022-இல் அந்நாட்டு மத்திய வங்கியின் விதிகள் இதற்குத் தடை விதித்தன. நம் நாட்டிலும் இத்தீமை பரவவே, அதே ஆண்டில் ரிசர்வ் வங்கி நெறிமுறைகளை வகுத்தது.

நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு அவகாசம் அளிக்குமாறு திருமறை (2:280) பணிக்கிறது. கருவிக்கு இரக்கம் தெரியாது; அதனை இயக்கும் மனிதனுக்கன்றோ தெரிந்திருக்க வேண்டும்!

எனவே, வட்டிச் செயலியை நாடாதீர் என்று இளைஞர்க்கு உரைப்பதோடு நில்லாதீர்கள். அதே கைபேசி வழியே முஹல்லாவின் பைத்துல்மாலுக்கு வாரி வழங்குங்கள். வட்டியில்லாக் கடனுக்கு வழி செய்யுங்கள். வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.