கசந்த சுரைக்காயும் ரப்பர் செருப்பும்

சர்க்கரை கூடியபோது, தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார் மருத்துவர். நான்கு நாள் நடந்தேன். ஐந்தாம் நாள் மழை, ஆறாம் நாள் சோம்பல், அதோடு சரி. அதே ஆள் இப்போது காபிக்கு முன்பே இரண்டு மாடி ஏறுகிறேன். மேலே வெண்டைக்காய் இருக்கிறதே! ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றி நாராகிவிடும். நுனியை ஒடித்தால் ஒடியாமல் வளையும்.

கைப்பிடிக் கீரை

மொட்டை மாடியில் 28 பைகள் வைத்திருக்கிறேன். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பியவை. சிறுகீரை விதைத்தால் 25 நாளில் பறிக்கலாம். கத்தரி இரண்டு மாதத்துக்கு மேல் காக்க வைக்கும்.

காய்கறிக் கடைக்கே போக வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் காய்கறியும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு என் மாடி அதில் கால் பங்குகூடத் தராது. ஆனால் தட்டு மாறியிருக்கிறது. கீரை என்றாலே முகம் சுளிக்கும் பேரன், தானே பறித்த மணத்தக்காளிப் பழத்தைக் கழுவக்கூட விடாமல் வாயில் போடுகிறான். (கழுவித்தான் தின்ன வேண்டும். அந்தச் சண்டை தினமும் நடக்கிறது.)

உடலுக்கும் வேலை இருக்கிறது. பூவாளியோடு நடப்பது, குனிந்து களை பிடுங்குவது, உட்கார்ந்து எழுவது எல்லாமே மிதமான உடற்பயிற்சிக் கணக்கில் சேரும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. நனைந்த மண்பையைத் தூக்கி இடம் மாற்றாதீர்கள். இடுப்புப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்தவன் சொல்கிறேன்.

சுரைக்காய் கசந்தால்

போன சித்திரையில் பந்தலில் ஒரே ஒரு சுரைக்காய் திரண்டது. வெயில் கொளுத்திய நாட்கள். இடையில் ஊருக்குப் போனதால் மூன்று நாள் தண்ணீரும் இல்லை. கூட்டுக்கு நறுக்கிய மனைவி வழக்கம்போல் ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்தாள். உடனே துப்பிவிட்டாள். கடுங்கசப்பு. “ஆசையா வளத்ததத் தூக்கிப் போடுவாளா? உப்புத் தண்ணியில ஊற வையி, சரியாயிடும்” என்றார் அம்மா.

சரியாகாது. சுரை, வெள்ளரி, பீர்க்கு இனச் செடிகள் தம்மைக் காத்துக்கொள்ள ‘குக்கர்பிட்டாசின்’ என்ற நச்சுப் பொருளை உண்டாக்குகின்றன. வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்தால் அது காயில் கூடிவிடும். வேகவைத்தாலும் போகாது. வயிற்றுவலி, வாந்தி, பேதி வரலாம். கடுமையானால் இரத்த வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரியும். இதற்கென்று முறிமருந்து கிடையாது, உடனே மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். நம் நாட்டில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்களும் உண்டு. சர்க்கரைக்கு நல்லது என்று வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்கள் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே மிக்சியில் போட வேண்டும். சாறு கசந்தால், ‘மருந்துதானே’ என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கக் கூடாது. பாகற்காய்க்குக் கசப்பு இயல்பு. அது வேறு கதை.

அந்தச் சுரைக்காய் குப்பைக்குப் போனது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

அரளி எதற்கு?

பூஜைக்குப் பூ வேண்டுமென்றால் மல்லிகை, செம்பருத்தி, சங்குப்பூ போதும். அரளியின் இலை, பூ, விதை எல்லாமே இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை நிறுத்தியது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் அந்தத் தொட்டியே வேண்டாம் என்பேன்.

தொட்டிக்கு அடியில் கொசு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் குளம் குட்டை தேவையில்லை. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்கும் நீரே போதும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் தீர்ந்தது என்று நானும் நினைத்திருந்தேன். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். நான் தட்டுகளையே எடுத்துவிட்டேன்.

சர்க்கரை உள்ளவர்களின் காலும் கையும்

நீண்ட நாள் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். நண்பகலில் மாடித் தரையில் வெறுங்காலோடு நின்றால் சுடுவது தெரியாது. மாலையில் கொப்புளம் தெரியும். போன கோடையில் எனக்கு அப்படித்தான் ஆனது. அது ஆற ஒன்றரை மாதம் பிடித்தது.

மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. ஈர மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, காயத்தின் வழியே உடம்புக்குள் புகுந்து ‘மெலியாய்டோசிஸ்’ என்ற நோயைத் தரும். தென்னிந்திய மண்ணிலும் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் பிடிக்கும். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது மண்ணைத் தொடாதீர்கள். காயம் ஆறும்வரை வேறு யாராவது களை எடுக்கட்டும். மற்ற நாட்களில் கையுறை போதும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கும்போதும் மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்வது நல்லது.

மாடிக் கதவோரம் இப்போது ஒரு ஜோடி ரப்பர் செருப்பு நிரந்தரமாகக் கிடக்கிறது. கசந்த காயிலிருந்து விதை எடுக்கவில்லை. ஆடிப் பட்டத்துக்குப் புது விதை வாங்கி ஊன்றினேன். மூன்றாவது இலை விட்டிருக்கிறது. ஊருக்குப் போகும் நாட்களில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறார்.