பாட்டன் பாட்டியரும் பேரப்பிள்ளைகளும்: கட்டுக்காப்பு வழக்குகளின் பின் எஞ்சும் உறவு

மணமுறிவின்போதோ பெற்றோருள் ஒருவரது மறைவின் பின்னரோ பிள்ளையின் கட்டுக்காப்பு யாருக்குரியது என்னும் வழக்கு எழுமிடத்து, நீதிமன்றின் முன் நிற்போர் பெரும்பாலும் தந்தையும் தாயுமே. தீர்ப்பின் பின்னர், தோற்ற தரப்பின் பெற்றோர் தம் பேரப்பிள்ளையைக் காணும் வாய்ப்பையும் இழந்துவிடுதல் உண்டு. அவர்கள் வழக்கின் தரப்பினர் அல்லர். எனினும் தீர்ப்பின் விளைவு அவர்கள் மீதும், அவர்களிலும் மேலாகப் பிள்ளையின் மீதும் வீழ்கின்றது. இவ்வுறவைச் சட்டம் எவ்வாறு நோக்கி வந்துள்ளது, அந்நோக்கிற்கு அடித்தளமாய் அமைந்த சமூக உறவுகள் யாவை என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தேசவழமை காட்டும் நிலை

யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் அம்மம்மா, அப்பம்மா என வழியைச் சுட்டும் சொற்கள் வழங்குகின்றன. எவ்வழி வந்த பாட்டி என்பது பாசம் பற்றிய வினா மட்டுமன்று. அது சொத்துப் பற்றிய வினாவுமாகும். ஒல்லாந்த ஆட்சியாளரின் பணிப்பின்பேரில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. மனைவியை இழந்த கணவன் மறுமணம் செய்ய விரும்பின், இளம் பிள்ளைகளை அவனது மாமியாரோ நெருங்கிய உறவினரோ ஏற்று வளர்ப்பது வழக்கம் என்றும், அவ்வேளை மனைவி கொணர்ந்த சீதனம் முழுவதையும் தேடியதேட்டத்திற் பாதியையும் பிள்ளைகளோடு சேர்த்து அவன் ஒப்படைத்தல் வேண்டும் என்றும் அது கூறுகின்றது.

இவ்விதியை முதியோரின் அன்புக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. தாய்வழிச் சொத்து மாற்றாள் பிள்ளைகளின் கைக்குச் சென்றுவிடாது காக்கும் ஏற்பாடும் அதுவே. பிள்ளையும் சீதனமும் ஒரே திசையில் நகர்கின்றன. அம்மம்மாவின் மடி உறுதிப்படுத்தப்பட்டது, அம்மடிக்குப் பின்னால் நிலம் இருந்தமையினாலேயாம்.

நிலமற்றோர் நிலை யாது? அதே தேசவழமை அடிமைகள் பற்றியும் விதிகளை வகுத்துள்ளது. அதன்படி அடிமைப் பெண்ணின் பிள்ளைகள் அவளை உடையவனுக்கே உரியர். 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்படும்வரை, அத்தகைய தாயொருத்தியின் தாய் தன் பேரப்பிள்ளை மீது எவ்வுரிமையையும் கோரியிருத்தல் இயலாது. ஒரே சட்டத் தொகுப்பில், ஒரு பாட்டிக்குப் பேரப்பிள்ளையோடு சொத்தும் வந்து சேர்கின்றது. மற்றொரு பாட்டிக்குப் பேரப்பிள்ளையே பிறரின் சொத்தாகி விடுகின்றது. ‘பழைய கூட்டுக் குடும்பம்’ பற்றி ஏக்கத்தோடு எழுதுவோர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இஸ்லாமிய சட்டமும் இவ்விடத்து ஒப்புநோக்கற்குரியது. இளம் பிள்ளையை வளர்க்கும் உரிமை தாயை அடுத்துத் தாயின் தாய்க்கே செல்லும் என்பது அதன் பொதுவிதி. தாய் அந்நியன் ஒருவனை மறுமணம் செய்யுமிடத்தும் அவ்வுரிமை அவ்வாறே மாறும்.

2. தனிக் குடும்பமும் தனி உரிமையும்

இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம் பெற்றோரின் உரிமையையே மையமாகக் கொண்டது. பிள்ளைகளின் மேலான பாதுகாவலர் என்ற நிலையில் நீதிமன்றம் பிள்ளையின் நலனைக் கருதிச் செயற்படலாம். பாட்டன் பாட்டியரின் வேண்டுகோள் இவ்விருப்பதிகாரத்தையே சார்ந்து நிற்கும். இலங்கை 1991இல் ஏற்புறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயமும், பிரிக்கப்பட்ட பிள்ளை தொடர்ந்து தொடர்பு பேணும் உரிமையைக் கூறும் 9ஆம் உறுப்புரையிற் பெற்றோரையே குறிப்பிடுகின்றது.

முதலாளித்துவம் முதிர்ந்த நாடுகளில் இம்முரண்பாடு கூர்மையடைந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் ‘ட்ரொக்ஸெல் எதிர் கிரான்வில்’ வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். மணம் முடியாது வாழ்ந்து 1991இல் பிரிந்த இருவருள் தந்தை 1993இல் இறந்தார். அவரது பெற்றோர் இரு பேர்த்தியரையும் மாதம் இரு வார இறுதிகள் தம்முடன் தங்கவைக்க விரும்பினர்; தாயோ மாதத்தில் ஒரு குறுகிய சந்திப்பே போதுமென்றார். ‘எவரும் எந்நேரமும்’ சந்திப்புரிமை கோரலாம் என்ற வாசிங்டன் மாநிலச் சட்டத்தின்கீழ்ப் பாட்டன் பாட்டியர் வழக்கிட்டனர். 2000இல் உயர் நீதிமன்றம், தகுதியுடைய தாயின் முடிவுக்கு உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை எனக் கூறி, ஆறுக்கு மூன்று என்ற வகையில் தாய்க்குச் சாதகமாகத் தீர்த்தது.

இத்தீர்ப்பைக் குடும்பத்தைத் தனியுடைமையாக நோக்கும் சித்தாந்தத்தின் வெளிப்பாடு என்று எளிதாகக் கூறிவிடலாம். அதில் உண்மை உண்டு; ஆயின் அது முழு உண்மையன்று. கணவனை இழந்த பெண்ணின் வாழ்வைக் கணவன் வீட்டார் கட்டுப்படுத்துதல் நம் சமூகத்தில் அறியப்படாததன்று. ‘பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டும்’ என்ற கோரிக்கை, சிலவிடத்து மருமகளின் மறுமணத்தையும் நடமாட்டத்தையும் வேவுபார்க்கும் கருவியாகவும் அமையக்கூடும். ஆகவே முதியோருக்கு வரையறையற்ற உரிமை வழங்குதல் தீர்வாகாது.

பிரெஞ்சுச் சட்டத்தின் வளர்ச்சி வேறொரு வழியைக் காட்டுகின்றது. 1970ஆம் ஆண்டுச் சட்டம், தக்க பெருங்காரணமின்றிப் பெற்றோர் பிள்ளைக்கும் பாட்டன் பாட்டியர்க்குமிடையிலான உறவைத் தடுத்தலாகாது என்றது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைப் பிள்ளையின் உரிமையாக மாற்றியமைத்தது. மூதாதையரோடு உறவு பேணுதல் பிள்ளைக்குரியது. 2007இன் பின், பிள்ளையின் நலன் ஒன்றே அதற்குத் தடையாகலாம். உரிமையின் உடையவர் மாறியமையே இங்கு முக்கியமானது.

3. உழைப்பு என்னும் அளவுகோல்

1944இல் எழுதப்பட்டு, 1967இல் ஹென்றி ஜயசேனவால் ‘ஹுணுவட்டயே கத்தாவ’ எனச் சிங்கள மேடைக்குக் கொணரப்பட்ட பிரெக்டின் சுண்ணாம்பு வட்ட நாடகம் நம் நாட்டவர் நன்கறிந்தது. பெற்றவளுக்கன்றிப் பேணியவளுக்கே பிள்ளை என்பது அதன் தீர்ப்பு. இரத்தத்தினும் சொத்தினும் மேலாக உழைப்பை அளவுகோலாக்கியமை பிரெக்டின் பெருஞ்சாதனை.

இவ்வளவுகோலை நம் சூழலில் வைத்து நோக்குவோம். 1970களின் பிற்பகுதி முதல் மத்திய கிழக்கிற்கு வீட்டுப் பணிப்பெண்களாய்ச் சென்ற தாய்மாரின் பிள்ளைகள் பலரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, பள்ளிக்கு அனுப்பியோர் அம்மம்மாமாரும் அப்பம்மாமாருமே. வெளிநாட்டுச் செலாவணிக் கணக்கில் தாயின் உழைப்புப் பதிவாகின்றது. அவ்வுழைப்பைச் சாத்தியமாக்கிய பாட்டியின் உழைப்பு எக்கணக்கிலும் இல்லை. பின்னர் மணவாழ்வு முறிந்து கட்டுக்காப்பு வழக்கு வரும்போது, பிள்ளையின் நோயும் பசியும் அறிந்த ஒரே ஆள் வழக்கிற்கு வெளியே நிற்க நேரிடுகின்றது.

ஆயினும் பிரெக்டின் வட்டம் பிள்ளையை ஒருவரிடமே ஒப்படைப்பது. நாம் எடுத்துக்கொண்ட வினாவோ யாரிடம் வாழ்வது என்பதன்று. யாரோடெல்லாம் உறவு தொடர்வது என்பதாம். கட்டுக்காப்பைப் பிரிக்காமலே தொடர்பைப் பகிரலாம். வார இறுதிச் சந்திப்பு, பள்ளி விடுமுறைத் தங்கல், தொலைபேசி உரையாடல் என்பன எவர் உரிமையையும் பறிப்பனவல்ல.

4. முடிவாக

மூன்று கருத்துக்களை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். முதலாவது, தொடர்புரிமை முதியோரின் உடைமையாக அன்றிப் பிள்ளையின் உரிமையாக வகுக்கப்படல் வேண்டும். இரண்டாவது, பிள்ளையை உண்மையில் வளர்த்தவரின் குரலை நீதிமன்றம் தீர்ப்பின் முன்னரே செவிமடுத்தல் வேண்டும். மூன்றாவது, அத்தொடர்பு தாயை ஒடுக்கும் கருவியாகுமிடத்து அதனை மட்டுப்படுத்தும் அதிகாரமும் இருத்தல் வேண்டும். சட்டத்தைத் திருத்துவதால் மட்டும் இவை கைகூடா. வழக்கிடும் செலவையும் நீதிமன்றம் சென்றுவரும் நாட்கூலி இழப்பையும் தாங்கவியலாத பாட்டிக்கு ஏட்டிலுள்ள உரிமை பயன்தராது. 1707இல் நிலமுள்ள பாட்டிக்கே பேரப்பிள்ளை உறுதியாயிற்று. பணமுள்ள பாட்டிக்கே இன்று அது உறுதியாகுமாயின், மூன்று நூற்றாண்டுகளில் மாறியது மிகக் குறைவே எனலாம்.